தராசில் ஏறிய எஸ்.எம்.பி.எஸ்.

2006-ல் கொல்லிமலைச் செம்மேட்டில் என் ஸ்டுடியோவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் பஸ்ஸில்தான் மலையேறியது. சேலத்தில் வாங்கினேன். மானிட்டர் அட்டைப்பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைக்கக் கண்டக்டர் இடம் கொடுத்தார். சி.பி.யூ. பெட்டியை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்க மனம் வரவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். காரவள்ளி தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும், மொத்தம் 70. ஒவ்வொரு வளைவிலும் பெட்டி சாயச் சாய, கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்தபடி சோளக்காடு வரை வந்தேன்.

கடையில் நான் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கின்றன. பிராசசர் எத்தனை கிகாஹெர்ட்ஸ்? ராம் எவ்வளவு? ஹார்ட் டிஸ்க் எத்தனை ஜி.பி.? எல்லாவற்றையும் விசாரித்துவிட்டேன் என்ற நிறைவோடுதான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பில்லின் கடைசியில் ‘கேபினட் வித் எஸ்.எம்.பி.எஸ்.’ என்று ஒரு வரி இருந்தது. அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் தனி விலை கிடையாது. பாத்திரக் கடையில் குடத்துக்கு மூடி தருவதைப் போலப் பெட்டியோடு வந்தது. அதன் பெயரைக்கூட நான் படித்துப் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எந்தப் பாகத்துக்கும் வீட்டு மின்சாரம் நேராக ஆகாது. கம்பியில் வருவது 230 வோல்ட், நொடிக்கு 100 தடவை திசை மாறும் மின்சாரம். உள்ளே வேண்டியது 12, 5, 3.3 வோல்ட், அதுவும் ஒரே திசையில், ஆடாமல் அசையாமல். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் எஸ்.எம்.பி.எஸ். அது தடுமாறினால் பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாமே தடுமாறும். வீட்டுக்குள் வரும் எல்லோரும் மிதித்துத்தான் ஆக வேண்டிய வாசற்படி அது. அந்தப் படியைத்தான் நான் பார்க்காமல் வாங்கினேன்.

சமவெளிக்காரர்களுக்கு எங்கள் லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்கம்பிகள் காட்டுக்குள்ளும் காபித் தோட்டத்துக்குள்ளும் போகின்றன. மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தின் ஒரு கிளை முறிந்து விழுந்தால் போதும், ஒரு நாடே இருட்டாகிவிடும். ஊர்த்தொகுதியை நாங்கள் ‘நாடு’ என்போம்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு. கரண்ட் போவதாவது தெரியும். ஆனால் போகாமலே மெலிந்து வருவது வேறு சங்கடம். லைனின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்குச் சாயங்காலம் 170 வோல்ட், சில நாள் 160. குண்டு பல்பு பழுத்த பலாச்சுளை நிறத்தில் எரியும். ஸ்டெபிலைசர் ‘டக்... டக்...’ என்று ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே ஆல்பம் டிசைன் செய்து பழகியவன் நான்.

2008 வைகாசியில் ஒரு கல்யாணம். ஃபிலிம் ரோலை விட்டுவிட்டு முழுக்க டிஜிட்டலில் நான் எடுத்த முதல் கல்யாணங்களில் ஒன்று. பெண்ணின் அம்மாயி, காதில் தண்டட்டி ஆட, பலாமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “அம்மாயி, கையை எடுங்க” என்றேன். எடுத்தார். ஒரே ஒரு படம். அன்று இரவே எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். என்னிடம் இருந்தது ஒரே மெமரி கார்டு, 1 ஜி.பி. மறுநாள் வேறொரு காதுகுத்து இருந்ததால் கார்டை அழித்துவிட்டுப் புறப்பட்டேன்.

நான்காம் நாள் சாயங்காலம் இடி மின்னலோடு கோடை மழை. கரண்ட் போனது, வந்தது, உடனே மறுபடி போய் வந்தது. அப்போது கம்ப்யூட்டரின் பின்பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம். மீன் செதிலைச் சுட்டதைப் போல ஒரு நாற்றம். மறுநாள் நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். எஸ்.எம்.பி.எஸ். போனது மட்டுமல்ல, போகிற போக்கில் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொன்றிருந்தது. புதிய எஸ்.எம்.பி.எஸ். 350 ரூபாய்க்குக் கிடைத்தது. படங்கள் கிடைக்கவில்லை.

பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. “மின்னலுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க” என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து அம்மாயி இறந்துபோனார். சாவுக்குப் போயிருந்தேன். தலைமாட்டில் வைக்க ஒரு படம் இல்லை. அந்த வாசலில் நின்ற நேரம்போல என் தொழிலில் வேறெந்த நேரமும் என்னைச் சுட்டதில்லை.

அதன்பிறகுதான் செத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்தேன். உள்ளே பெரிய கெபாசிட்டர்களில் ஒன்று தலை வீங்கி, வெடித்து, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தது. மின்சாரம் நுழையும் இடத்தில் அழுக்கு வடிகட்ட காயில்களும் சிறு கெபாசிட்டர்களும் இருக்க வேண்டும். போர்டில் அவற்றுக்கான படமும் துளையும் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பித் துண்டை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். மேலே ஒட்டியிருந்த தாளில் 450 வாட் என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் பக்கம் 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். 450-ஐப் பார்த்த கண்ணுக்கு 14 தெரியாமல் போயிருந்தது.

கையில் எடுத்தால் காலி டப்பாவைப் போல இருந்தது. பக்கத்தில் மிளகு வியாபாரம் செய்யும் பெரியப்பாவின் தராசில் வைத்தோம். 780 கிராம். அவர் சிரிக்கவில்லை. மூட்டையிலிருந்து மிளகை லிட்டர் படியில் அள்ளி, தலை தட்டி, தராசில் போட்டுக் காட்டினார். நல்ல மிளகு ஒரு லிட்டர் 550 கிராம் நிற்கும். முற்றாமல் பறித்ததும் உள்ளே பொக்காக இருப்பதும் அதே படியில் இளைத்து நிற்கும். “வெளிய பாத்தா ரெண்டும் கறுப்புத்தான் சாமி. படியில போட்டாத்தான் பொக்கு தெரியும்” என்றார். நான் வாங்கியது பொக்கு.

மின்னலின்மேல் பழிபோட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்தான். மின்னலுக்கு முன் எதுவும் நிற்காது என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். சாகும்போதும் தனியாகச் சாக வேண்டும். வோல்டேஜ் எல்லை மீறினாலும் ஆம்பியர் மிஞ்சினாலும் உள்ளே சூடு ஏறினாலும் உடனே வாயை மூடிக்கொண்டு நிற்கிற காவல் சுற்றுகள் அதில் இருக்க வேண்டும். என்னுடையதில் அவை இல்லை. அதை வாங்கியது நான்.

இப்போது 2024-க்கு வருகிறேன். கல்யாண வீடியோ 4கே ஆகிவிட்டது. டிரோன் பறக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் ஒரு மணி நேர வீடியோவை ரெண்டர் போட்டால் பொழுது விடிந்துவிடும். பெரிய மெஷின் ஒன்று தேவைப்பட்டது. கோவையில் படித்துவிட்டு வந்த அக்கா மகன் பட்டியல் எழுத உட்கார்ந்தான்.

“மாமா, மொதல்ல கிராபிக்ஸ் கார்டு போடட்டுமா?”

“மொதல் வரி எஸ்.எம்.பி.எஸ். மாப்ள. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ எழுது.”

எத்தனை வாட் என்ற கணக்கு மட்டும் அதற்குக் கீழே எழுதியவற்றிலிருந்து வந்தது. ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர் முழு வேகத்தில் 230 வாட் வரை இழுக்கும். ஆர்.டி.எக்ஸ். 4080 சூப்பர் கார்டு 320 வாட். இரண்டும் சேர்ந்தே 550. போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் 100 வைத்தாலும் 650-க்குள் அடங்கும். கார்டு தயாரிப்பாளரே குறைந்தது 750 வாட் வேண்டும் என்கிறார். நாங்கள் 850-ல் நின்றோம். மிச்சமிருக்கும் 200 வீண் இல்லை. எடிட்டிங்கில் மெஷின் பெரும்பாலும் பாதிச் சுமையில்தான் ஓடும், எஸ்.எம்.பி.எஸ். தன் வேலையை நன்றாகச் செய்வதும் பாதிச் சுமையில்தான். சூடு குறைவு, ஃபேன் சத்தம் குறைவு. கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. இக்காலத்துக் கிராபிக்ஸ் கார்டுகள் சீராக இழுப்பதில்லை. திடீரென்று ஒரு வாய் பெரிதாக விழுங்கும். 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 வரையறை இதை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரு நொடியைப் பத்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு நேரத்துக்கு, எழுதியிருக்கும் வாட்டைப்போல இரண்டு மடங்கு இழுத்தாலும் எஸ்.எம்.பி.எஸ். விழாமல் தாங்க வேண்டும் என்கிறது. அதற்கடுத்த 3.1-ல் கார்டுக்குப் போகும் கனெக்டரையும் திருத்தினார்கள். 2022-ல் விலை உயர்ந்த 4090 கார்டுகள் சிலவற்றில் அந்தக் கனெக்டர் உருகிப்போன செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. முழுக்கச் செருகாமல் விட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்தபின் வந்த திருத்தம் இது.

வாங்குவதற்குச் சென்னை ரிச்சி தெருவுக்கே போனேன். கடைத் தம்பி பொறுமையானவர்.

“அண்ணா, இதே 850 வாட் மூவாயிரத்து ஐநூறுக்கு இருக்கு. எதுக்குப் பத்தாயிரத்துக்கு மேல குடுக்குறீங்க?”

“ரெண்டு பெட்டியையும் திருப்பி, லேபிளைக் காட்டுங்க தம்பி.”

விலை குறைந்ததில் 850 என்பது பெரிய எழுத்து. 12 வோல்ட் வரியில் 45 ஆம்பியர். பெருக்கினால் 540 வாட். மற்றதில் 70.8 ஆம்பியர், ஏறக்குறைய 850. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட்டில்தான். வாங்கும்போதே அந்த வரியைப் படிக்க எனக்குப் பதினெட்டு வருஷம் பிடித்தது.

பெட்டியில் ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரை இருந்தது. 2004-ல் தொடங்கிய திட்டம் அது. முத்திரையைப் பார்த்ததும் தரம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது சொல்வது சேதாரக் கணக்கை மட்டும். 230 வோல்ட் தேர்வில் கோல்டு என்றால் பாதிச் சுமையில் 92 சதவீதம் உள்ளே போய்ச் சேர வேண்டும், மீதி 8 சூடாகப் போகலாம். காவல் சுற்றுகள் வேலை செய்கின்றனவா, கெபாசிட்டர் 85 டிகிரி ரகமா 105 டிகிரி ரகமா என்று அந்த முத்திரை சொல்லாது. அதனால் அந்த மாடலைப் பிரித்துப்போட்டு, சுமை கொடுத்துச் சோதித்தவர்களின் அறிக்கையைப் படித்த பிறகே போயிருந்தேன். 105 டிகிரி கெபாசிட்டர். காவல் சுற்றுகள் எல்லாம் உண்டு. 10 வருஷ வாரண்டி. தயாரித்தவரே பத்து வருஷத்துக்குத் தன் பணத்தைப் பணயம் வைக்கிறார் என்றால் அதற்கு ஓர் எடை இருக்கிறது.

மலைக்குக் கொண்டுவந்ததும் பெரியப்பாவின் தராசுக்குத்தான் முதலில் போனேன். அவர் இப்போது இல்லை. மகன் கடையைப் பார்க்கிறார். டிஜிட்டல் தராசு. கேபிள் இல்லாமல் 1 கிலோ 600 கிராம். எடையை மட்டும் வைத்துத் தரம் சொல்லிவிட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தராசில் ஏற்றிப் பார்க்காமல் கடைக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை.

எங்கள் லைனுக்கு இது எப்படித் தாங்கும்? அந்தக் காலத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதுகில் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். 230-ல் வைத்துவிட்டு 160 வோல்ட் கொடுத்தால் திணறும். இன்றைய நல்ல எஸ்.எம்.பி.எஸ். 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் தானே சரிசெய்துகொள்ளும். ‘டக்... டக்...’ சத்தம் என் கடையை விட்டுப் போயே போய்விட்டது. ஆனால் கவனம் வேண்டும். வோல்டேஜ் இறங்கினால் அதே வேலைக்கு ஆம்பியர் ஏறும். 700 வாட் இழுக்கிற மெஷின் 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்டால் 160-ல் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் கேட்கும். தளர்ந்த பிளக் பாயின்ட் அங்கேதான் கருகும். அதனால் கம்ப்யூட்டருக்கென்று தனி ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் போட்டேன்.

யூ.பி.எஸ். விஷயத்திலும் பழைய பாடம் இருந்தது. 600 வி.ஏ. என்று எழுதியிருந்ததை 600 வாட் என்றே அன்று நம்பியிருந்தேன். அது 360 வாட்தான் தாங்கும். இப்போது வாட்டைப் பார்த்து, ப்யூர் சைன் வேவ் ரகமாக வாங்கினேன். கரண்ட் போனதும் யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாற ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குவரை ஆகும். அந்த இடைவெளியில் மெஷினைத் தாங்கிப் பிடிப்பது யூ.பி.எஸ். இல்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர். சில மில்லி செகண்டாவது அது தாங்க வேண்டும் என்று ஏ.டி.எக்ஸ். வரையறையே சொல்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு துணுக்கு அது. கரண்ட் போய் வந்த அப்படியொரு துணுக்கில்தான் என் முதல் மெஷின் செத்தது.

மெஷினைப் பூட்டி ஓடவிட்ட முதல் நாள் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்றது. மாப்பிள்ளை பயந்துவிட்டான். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் குறை இல்லை. நல்லதில் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அவை பிடித்த அழுக்கை எர்த் வழியாக மண்ணுக்கு அனுப்பும். எர்த் சரியில்லையென்றால் அது கேபினட்டிலேயே நிற்கும். என் கடை எர்த் பெயருக்குத்தான் இருந்தது; பாறைமேல் ஒரு முழக் கம்பி. எலெக்ட்ரீசியன் அண்ணன் மண் பிடிப்பான இடம் தேடி, கடைக்குப் பின்னால் ஆள் உயரக் குழி எடுத்து, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றுகிறேன்.

கார்டுக்குப் போகும் கனெக்டரை நானே செருகினேன். கட்டைவிரலால் அழுத்தி, ‘கிளிக்’ கேட்டபிறகும் டார்ச் அடித்துப் பார்த்தேன், நகம் நுழையும் இடைவெளிகூட இல்லை. கேபிளை உடனே மடக்காமல் ஒரு விரல்கடை நேராக வரவிட்டு வளைத்தேன். மாப்பிள்ளை தன் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிளை எடுத்துக் கொடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்தேன். முனை ஒன்றுபோல இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே கம்பி வரிசை மாறும். தப்பான கேபிள் ஒரே நொடியில் டிஸ்க்கை எரித்துவிடும். பெட்டியோடு வந்த கேபிளைத் தவிர வேறெதையும் செருகக் கூடாது.

இந்த வேலையெல்லாம் முடிந்த மாதத்தில் கடை வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். 2008 வைகாசியின் மணப்பெண்.

“அண்ணா, பாப்பா வயசுக்கு வந்திருக்கா. சீர் வெச்சிருக்கோம். நீங்கதான் வந்து எடுக்கணும்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே கேட்டார்:

“இந்தத் தடவ பத்திரமா இருக்குமுங்களாண்ணா?”

கோபமாகக் கேட்கவில்லை. கேட்காமல் போயிருந்தால்தான் எனக்கு வலித்திருக்கும்.

“இருக்கும் கண்ணு” என்றேன்.

விழா முடிந்தபின், முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அம்மாயியின் வாக்காளர் அட்டை. லேமினேஷன் உரிந்து, ஓரம் மஞ்சளாகியிருந்தது. தபால்தலை அளவில் கறுப்பு வெள்ளை முகம். அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே படம். “இதப் பெருசாக்கி ஆல்பத்துல மொதப் பக்கத்துல வைக்கணுங்கண்ணா.”

மூன்று சாயங்காலம் அந்த ஒரு முகத்தோடு உட்கார்ந்தேன். ஸ்கேன் செய்து, புள்ளி புள்ளியாகக் கீறல் எடுத்து, தண்டட்டியின் ஓரம் கண்டுபிடித்து. மூன்றாம் நாள் மழை. தூரத்தில் இடி. கரண்ட் போனது. கடையில் லைட், ஃபேன், தெரு விளக்கு, எதிர் வீட்டு டி.வி. எல்லாம் ஒன்றாக அணைந்தன. யூ.பி.எஸ். ‘பீப்’ என்றது. என் எதிரே அம்மாயியின் முகம் மட்டும் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

சேவ் செய்தேன். மெஷினை முறையாக அணைத்தேன். எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரே இடத்தில் இருக்கும் படம் பத்திரமான படம் இல்லை. அதனால் அன்றிரவே கரண்ட் வரும்வரை காத்திருந்து இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். ஒன்று என் கடையில். மற்றொன்றைக் காலையில் மழை விட்டதும் அவர் வீட்டுக்கு நடந்துபோய்க் கையில் கொடுத்தேன். பலாமரத்தடியில் அந்தக் கட்டில் இன்னும் கிடக்கிறது.